மக்கியைப் பார்: கைத்துப்பாக்கியின் சைட்டை மாற்றுவதற்கு முன்

46 வயதில் ஏர் பிஸ்டல் பழகப் போனேன். மயூர் விஹாரில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பேஸ்மென்ட். முன்பு ஜவுளிக் கிடங்காக இருந்ததாம். பத்து மீட்டர் நீளம் தேறியது, அதனால் ரேஞ்ச் ஆகிவிட்டது. முதல் நாள் கோச் என் பின்னால் நின்றுகொண்டு "மக்கி தேக்கோ, மக்கி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டில்லிக்கு வந்து இருபது வருஷம் ஆகியும் என் காதில் அது 'மக்கு' என்றுதான் விழுந்தது. இரண்டு நாள் உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் புரிந்தது. இந்தியில் மக்கி என்றால் ஈ. துப்பாக்கிக் குழலின் நுனியில் ஈ உட்கார்ந்திருப்பது போல ஒரு சின்ன மேடு இருக்கிறதே, அதற்கு இந்தப் பக்கத்துப் பழைய ஆட்கள் வைத்த பெயர் அது. மனுஷன் என்னைத் திட்டவில்லை; முன் சைட்டை, அதாவது குறிபார்க்க உதவும் அந்த மேட்டைப் பார் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

இதை இப்போது எழுதக் காரணம் டெக்சாஸில் இருக்கும் என் அத்தை பையன். நான் அவரை அத்தான் என்பேன், அவர் என்னை 'டேய்' என்பார். போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். கௌபாய் படங்களில் இடுப்பில் தொங்குமே, அந்த மாதிரி சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் ஒன்று வாங்கி, 15 கஜ தூரத்திலிருந்து சுட்ட அட்டை. ஐந்து ஓட்டையும் ஓர் எலுமிச்சம்பழத்துக்குள் அடங்கிவிடும், அவ்வளவு நெருக்கம். ஆனால் அத்தனையும் குறிவைத்த இடத்துக்கு 5 செ.மீ. கீழே. "சைட் மோசமா இருக்குடா. நல்லதா ஒண்ணு வாங்கிப் போடலாம்னு பாக்கறேன். எது வாங்கலாம்?" என்று கேட்டிருந்தார்.

நான் சுடுவது காற்றழுத்தத்தில் பாய்கிற 4.5 மி.மீ. பெல்லட், ஒரு குட்டிக் குண்டு. அவருடையது நிஜத் தோட்டா. இருந்தாலும் சைட் என்கிற சங்கதி இரண்டிலும் ஒன்றுதான். போனில் அவருக்கு முக்கால் மணி நேரம் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் சைட் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். கையில் துப்பாக்கி தேவையில்லை. வீட்டில் 30 செ.மீ. ஸ்கேல் இருக்கும். ஒரு பழைய விசிட்டிங் கார்டில் 3 மி.மீ. அகலத்துக்குச் சதுரமாக ஒரு வெட்டு வெட்டி, ஸ்கேலின் இந்த முனையில் செங்குத்தாக ஒட்டுங்கள். அந்த முனையில் மருந்துத் தலையைக் கிள்ளிய தீக்குச்சி ஒன்றை நிறுத்தி வையுங்கள். குச்சியின் மேல்முனையும் கார்டின் மேல்விளிம்பும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். இப்போது கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, வெட்டு வழியாகக் குச்சியையும், குச்சிக்கு மேலே எதிர்ச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரின் தேதியையும் பாருங்கள். கார்டுதான் பின் சைட், குச்சிதான் முன் சைட், தேதிதான் இலக்கு. வெட்டுக்கு நடுவில் குச்சி நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சக் கோடு தெரிய வேண்டும். மேலே இரண்டும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். ஓப்பன் சைட் என்பது இவ்வளவுதான். பேட்டரி இல்லை, லென்ஸ் இல்லை.

கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தால் ஒரு தொல்லை தெரியும். கார்டு, குச்சி, தேதி மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன. கண் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தெளிவாகக் காட்டும். தேதியைப் பார்த்தால் குச்சி கரைந்துபோகிறது. குச்சியைப் பார்த்தால் தேதி மங்குகிறது. புதிதாக வருபவர்கள் எல்லாரும் இலக்கைத்தான் முறைத்துப் பார்ப்பார்கள். சுடப் போவது அதைத்தானே என்று தோன்றும். கோச் நாள் முழுக்க மக்கி மக்கி என்று கத்துவது அதனால்தான்: முன் சைட்டின் மேல்விளிம்பு கத்திபோலத் தெரிய வேண்டும், இலக்கு மங்கினால் மங்கட்டும்.

இலக்கு மங்கினால் எப்படி அடிப்பது என்று நானும் சண்டை போட்டேன். கோச் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டிய பிறகுதான் வாயை மூடினேன்.

என் பிஸ்டலில் இரண்டு சைட்டுக்கும் நடுவே சுமார் 320 மி.மீ. தூரம். இலக்கு 10 மீட்டரில், அதாவது 10,000 மி.மீ. குச்சி வெட்டுக்குள் ஒரு பக்கமாக 1 மி.மீ. சாய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000ஐ 320ஆல் வகுத்தால் 31. அந்த 1 மி.மீ. தப்பு, அட்டையில் போய்ச் சேரும்போது 31 மி.மீ. தப்பாகிவிடுகிறது. ஏர் பிஸ்டல் அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ.; அங்கிருந்து ஒவ்வொரு வட்டமும் 8 மி.மீ. வெளியே தள்ளி இருக்கும். 31 மி.மீ. விலகினால் பத்துக்குப் பதில் ஏழு. இன்னொரு பக்கம், இரண்டு சைட்டும் ஒன்றுக்கொன்று பிசகாமல், கை மொத்தமாக 5 மி.மீ. நகர்ந்துவிட்டது என்றால்? அட்டையிலும் 5 மி.மீ.தான் நகரும். பெல்லட்டின் ஓரம் வட்டத்தைத் தொட்டாலே போதும் என்பதால், 8 மி.மீ. வரைக்கும் போனாலும் பத்து பத்துதான்.

இதைக் கேட்ட அன்றைக்கு எனக்குப் பெரிய நிம்மதி. கை நடுங்குகிறதே, வயசாகிவிட்டதே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். கை ஆடலாம், மணிக்கட்டு மடங்கக் கூடாது. இலக்கு மங்கலாகத் தெரிந்தால், மங்கலான வட்டத்துக்கும் நடுவைக் கண் தானாகக் கண்டுபிடித்துவிடும். பிசகினாலும் சின்னப் பிசகுதான். முன் சைட் மங்கினால்தான் ஆபத்து, ஏனென்றால் அந்தப் பிசகு முப்பது மடங்காகப் பெருகும்.

அத்தானின் ரிவால்வரில் ஸ்கேல் வைத்து அளக்கச் சொன்னேன். இரண்டு சைட்டுக்கும் நடுவே 16 செ.மீ.தான் இருந்தது. என்னுடையதில் பாதி. அதாவது அதே சின்னப் பிசகு அவரிடம் இரண்டு மடங்காகத் தண்டிக்கும். குட்டைக் குழல் துப்பாக்கியில் குறி பிடிபடாமல் போவதற்கு இதுதான் முதல் காரணம். குழலைக் குறை சொல்லிப் பயனில்லை.

சரி, அந்தப் பழைய பாணி ரிவால்வரில் சைட் எப்படி இருக்கும்? சிங்கிள் ஆக்‌ஷன் என்றால் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் ஹாமரை, அதாவது தோட்டாவை வெடிக்க வைக்கும் பின்பக்கச் சுத்தியலை, இழுத்து நிறுத்த வேண்டும். ட்ரிக்கருக்கு அதை விடுவிக்கிற ஒரே வேலைதான். இந்த வகையில் எல்லாருக்கும் தெரிந்தது 1873இல் வந்த கோல்ட் கம்பெனி ரிவால்வர். அதில் பின் சைட் என்று தனியாக ஒரு பாகமே கிடையாது. தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டருக்கு மேலே போகும் இரும்புப் பட்டையில் நீளமாக ஒரு பள்ளம் கீறியிருப்பார்கள், அதுதான் பின் சைட். முன்னால் பாதி நிலாப் போல வளைந்த ஒரு மெல்லிய தகடு. உறையிலிருந்து உருவும்போது எங்கும் மாட்டாது, குதிரை மேலிருந்து விழுந்தாலும் உடையாது. அந்த வேலைக்கு அது சரி. அட்டையில் துளை போடும் வேலைக்கு அவ்வளவாக ஆகாது. பள்ளம் குறுகல், தகடு மெலிசு, வளைந்த முதுகில் வெயில் பட்டால் எது மேல்விளிம்பு என்றே தெரியாது. வெளிச்சக் கோடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிறக் குழப்பம்தான் தெரியும்.

இதைச் சரிசெய்யத்தான் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர் சதுரத் தகடு, சதுர வெட்டு என்ற வடிவத்தைக் கொண்டுவந்தார். நாம் தீக்குச்சியும் கார்டும் வைத்துச் செய்தது அதைத்தான். தகட்டின் நம்மைப் பார்த்த முகம் செங்குத்தாக இருப்பதால் நிழலிலேயே இருக்கும், கறுப்பாகத் தெரியும், மேல்விளிம்பு கோடு போட்டதுபோல இருக்கும். 1955இல் ரூகர் நிறுவனம் பிளாக்ஹாக் என்ற சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரைக் கொண்டுவந்தபோது, ஸ்க்ரூ வைத்து ஏற்றி இறக்கக்கூடிய பின் சைட்டை அதில் பொருத்தினார்கள். வேடிக்கை என்னவென்றால், பழைய தோற்றமே வேண்டும் என்று ஆட்கள் கேட்க, 1993இல் அதே நிறுவனம் வக்கேரோ என்ற பெயரில் மறுபடி அசையாத சைட்டோடு ஒன்றை விற்கத் தொடங்கியது. அத்தானிடம் இருப்பதும் அசையாத வகைதான்.

ஆக, சைட்டை மேம்படுத்துகிறோம் என்று சொல்லி ஆட்கள் செய்வது பெரும்பாலும் இந்தச் சில காரியங்களைத்தான்: பின் பள்ளத்தைக் கொஞ்சம் அகலமாக்கிச் சதுரமாக்குவது, முன் தகட்டைச் சதுர முகமாக மாற்றுவது, அல்லது பின்னால் ஸ்க்ரூ வைத்த சைட் ஒன்றைப் பொருத்துவது. முதல் இரண்டும் செய்வது ஒரே வேலையைத்தான்; மூன்றாவதில் மட்டும் உயரத்தையும் மாற்றிக்கொள்ளலாம். துப்பாக்கி இதனால் ஒரு மயிரிழைகூடக் கூடுதல் துல்லியம் ஆகாது. கண்ணுக்குத்தான் தெளிவு கூடும். எலுமிச்சம்பழத்துக்குள் ஐந்து குண்டு போடுகிறவருக்குச் சைட் மோசம் இல்லை. அது நிற்கும் உயரம்தான் சரியில்லை. இரண்டும் வேறு வேறு நோய்.

அத்தானுக்கு இதைச் சொன்னதும், "அப்ப ஏன் கீழ போகுது? கம்பெனிக்காரன் அளக்காமலா அனுப்பினான்?" என்று கோபித்துக்கொண்டார். அங்கேதான் ரிவால்வரின் ஒரு விசித்திரம். தோட்டா வெடித்த கணத்திலிருந்து குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்குள் குழல் மேலே தூக்கிக்கொள்ள ஆரம்பித்துவிடுகிறது. இந்தத் தூக்கலைக் கணக்கில் வைத்துத்தான் முன் தகட்டை உயரமாக வைக்கிறார்கள்; சுடும் கணத்தில் குழல் உண்மையில் சற்றுக் கீழே பார்த்துக்கொண்டிருக்கும். கனமான குண்டு மெதுவாக நகரும், குழலுக்குள் கூடுதல் நேரம் இருக்கும், உதையும் கூடுதல். அதனால் மேலே போய் அடிக்கும். லேசான குண்டு சீக்கிரம் ஓடிவிடும், கீழே அடிக்கும். கனமானது கீழே விழும் என்றுதான் நம் புத்தி சொல்லும். கிட்டத் தூரத்தில் கைத்துப்பாக்கியில் நடப்பது அதற்கு நேர்மாறு. என் ஏர் பிஸ்டலில் இந்தக் கூத்து கிடையாது, உதையே இல்லை. அங்கே புவியீர்ப்புதான் எதிரி: விநாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் 10 மீட்டரைக் கடப்பதற்குள் 2 செ.மீ.க்கு மேல் கீழே இறங்கிவிடுகிறது. சைட் அதையும் சேர்த்தே சரிக்கட்டியிருக்கிறது.

எனவே செலவில்லாத முதல் வைத்தியம், வேறு எடை குண்டு போட்டுப் பார்ப்பது. அது சரிப்படவில்லை என்றால்தான் அரம். முன் தகட்டின் உச்சியைக் குறைத்தால் குண்டு மேலே ஏறும். தயாரிப்பாளர்கள் தகட்டை வேண்டுமென்றே கொஞ்சம் உயரமாக விடுவதும் இதற்காகத்தான். இருப்பதைத் தேய்க்கலாம், தேய்த்ததை ஒட்ட முடியாது. எவ்வளவு தேய்ப்பது? பழைய கணக்கைத் திருப்பிப் போட வேண்டியதுதான். 50 மி.மீ. கீழே அடிக்கிறது. சைட்டுகளுக்கு நடுவே 160 மி.மீ. 15 கஜம் என்பது சுமார் 13,700 மி.மீ. ஐம்பதை 160ஆல் பெருக்கி 13,700ஆல் வகுத்தால் 0.58. அரை மில்லிமீட்டரும் கொஞ்சமும்! இதற்காக அவர் புது சைட் வாங்கக் கிளம்பியிருந்தார். அதையும் ஒரே மூச்சில் தேய்க்கக் கூடாது. பாதி தேய்த்து, சுட்டுப் பார்த்து, மறுபடி கொஞ்சம். ஒரு இழுப்பு கூடிவிட்டால் குண்டு மேலே போய்விடும், அப்புறம் நிஜமாகவே புதுத் தகடுதான் வாங்க வேண்டும்.

இங்கே ஒரு வார்த்தை. டெக்சாஸில் அவர் செய்வதை இங்கே யாரும் மொட்டை மாடியில் செய்துபார்க்கக் கிளம்ப வேண்டாம். ரிவால்வர் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி லைசென்ஸுக்கு உட்பட்டது. அதில் கை வைப்பது லைசென்ஸ் பெற்ற கன்ஸ்மித்தின், அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவரின் வேலை. அத்தானையும் கன்ஸ்மித்திடம்தான் போகச் சொன்னேன், ஏனென்றால் அவர் கை எனக்குத் தெரியும். சின்ன வயசில் என் சைக்கிள் பெல்லைச் சரிசெய்கிறேன் என்று எடுத்தவர்.

பக்கவாட்டில் போனால் என்ன செய்வது என்பதில்தான் புதியவர்கள் எல்லாரும் தடுமாறுவார்கள். நான் எனக்காக ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன்: பின்னது சரியோடு போகும், முன்னது தப்போடு போகும். குண்டு வலது பக்கம் போக வேண்டுமானால் பின் சைட்டை வலது பக்கம் நகர்த்து. முன் சைட்டை நகர்த்துவதானால், குண்டு எந்தப் பக்கம் தப்பிப் போகிறதோ அந்தப் பக்கமே நகர்த்து. சந்தேகம் வந்தால் ஸ்கேலும் குச்சியும் எடுத்துச் செய்து பாருங்கள். குச்சியை இடது பக்கம் நகர்த்திவிட்டு மறுபடி வெட்டுக்கு நடுவில் கொண்டுவரப் பார்த்தால், ஸ்கேலின் மூக்கு வலது பக்கம் திரும்புவது கண்ணுக்கே தெரியும்.

ஸ்க்ரூ வைத்த சைட்டிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நான் ஒரு சனிக்கிழமை முழுவதையும் இதில் தொலைத்தேன். ஸ்க்ரூ தலையில் அம்புக்குறி, பக்கத்தில் H என்ற எழுத்து. ஹை, அதாவது மேலே போகும் என்று நானாக முடிவுகட்டி, கீழே விழுந்த பெல்லட்டை ஏற்றுவதற்காக அந்தப் பக்கமே திருகிக்கொண்டிருந்தேன். திருகத் திருக இன்னும் கீழே போனது. பல ஜெர்மன் தயாரிப்புகளில் அந்த எழுத்துக்கு அர்த்தமே வேறு: 'மேலே அடித்தால் இந்தப் பக்கம் திருகு' என்பது. அது நோயின் பெயர், நான் மருந்தின் பெயர் என்று படித்துவிட்டேன்.

கண்ணுக்கு வருவோம். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து. எனக்குப் படிக்கிற கண்ணாடி போட்டால் பின் சைட் தெரிகிறது, தூரக் கண்ணாடி போட்டால் அட்டை தெரிகிறது, முன் சைட் இரண்டிலும் கம்பளிப்பூச்சி மாதிரி. பைஃபோகலில் தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து வலிதான் மிச்சம். கண்ணாடிக் கடையில் போய், கையை நீட்டினால் முன் சைட் எவ்வளவு தூரத்தில் நிற்குமோ அந்தத் தூரத்துக்கு மட்டும் ஒரு லென்ஸ் கேட்டேன். எனக்கு அது 95 செ.மீ. கடைக்காரப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஆனால் நான் செய்த செலவுகளில் உருப்படியானது அதுதான். புது சைட்டின் விலையில் ஒரு துளி. சர்வதேச விதிப்படி ஏர் பிஸ்டலின் மேல் லென்ஸ் எதுவும் வைக்கக் கூடாது, சுடுபவர் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சாதாரண மூக்குக்கண்ணாடியோடு, ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு வெள்ளி வாங்கிய துருக்கிக்காரர் யூசுஃப் டிகேச்சை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் வெண்கலம் வாங்கினார்களே, அதே கலப்பு அணிப் போட்டிதான். ஒன்றுமே இல்லாமல் சுட்டார் என்று அன்றைக்கு ஊரே பேசியது. கண்ணில் மாட்டும் கருவிதான் இல்லை. அவர் பிஸ்டலிலும் இதே தகடும் வெட்டும்தான் இருந்தன.

எல்லாத் துப்பாக்கிக்கும் இந்தத் தகடும் வெட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடும் ஏர் ரைஃபிளில் பின்னால் ஊசித்துளை, முன்னால் வளையம். வட்டத்துக்குள் வட்டத்தை நிறுத்த வேண்டும். இங்கே துக்ளகாபாத்தில் 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய ரேஞ்சுக்குப் பிகானேர் மகாராஜா கர்ணி சிங்கின் பெயர் வைத்திருக்கிறார்கள். 1962இல் கெய்ரோ உலகப் போட்டியில் அவர் வெள்ளி வாங்கியது ட்ராப் பிரிவில். பறக்கும் தட்டை அடிக்கும் அந்த ஷாட்கன்னில் குழல் நுனியில் பாசிமணி போல ஒரு சின்ன உருண்டை மட்டும்தான் உண்டு, பின் சைட்டே இல்லை. கன்னத்தைக் கட்டையில் பதித்து வைத்தால் கண்ணே பின் சைட் ஆகிவிடும்.

கடைசியாக, காசே ஆகாத ஒரு மேம்பாடு. முன் தகடு பழகப் பழகத் தேய்ந்து பளபளப்பாகிவிடும். ட்யூப் லைட் அதன் ஒரு ஓரத்தில் பட்டு மின்னும். கண் அந்த மினுக்கத்தையே தகடு என்று எடுத்துக்கொண்டு குறியை ஒரு பக்கம் தள்ளிவிடும். பழைய ஆட்கள் கார்பைடு விளக்குப் புகையில் காட்டித் தகட்டைக் கறுப்பாக்குவார்கள். என்னிடம் கார்பைடு இல்லை; பூஜை அலமாரியில் கற்பூரம் இருந்தது. தகட்டைக் கழற்றி, இடுக்கியில் பிடித்து, கற்பூர ஜ்வாலைக்கு மேலே காட்டினேன். இரண்டு நிமிஷத்தில் மை மாதிரி அப்பிக்கொண்டது. வெல்வெட் போன்ற கறுப்பு. எந்த விளக்கும் அதில் மின்னாது. கையால் தொட்டால் போய்விடும் என்பதால் மாட்டும்போது மட்டும் கவனம். வீட்டில் கேட்ட கேள்விகளை இங்கே எழுதவில்லை.

அத்தான் நேற்று மறுபடி அனுப்பினார். கன்ஸ்மித் அரை மில்லிமீட்டர் தேய்த்துக் கொடுத்தாராம். குண்டுகள் இப்போது நடுவுக்கு ஒரு விரல் கீழே. "இன்னும் கொஞ்சம் தேய்க்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டிருந்தார். எந்தக் கண்ணாடி போட்டுக்கொண்டு சுட்டீர்கள் அத்தான் என்று கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.